சின்ன ர

அந்தப் பை எங்க வாங்கினீங்க சார்?

கோச்சுக்காதீங்க, சும்மாதான் கேக்கறேன். மடியில வெச்சிருக்கீங்களே, அந்த மஞ்சப் பை. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ‘இங்கே குப்பை கொட்டாதே. மீரினால் வருத்தப்படுவேன்.’ படிச்சீங்களா? அது என்னோடது சார். நான் வரைஞ்சது. என் படத்துலேர்ந்து உருவி, பையில அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டிருக்கானுங்க.

கல்யாணத்துல குடுத்ததா? தாம்பூலப் பையா? பாத்தீங்களா, தாம்பூலம் வரைக்கும் வந்துட்டானுங்க. எந்தக் கல்யாணம்? மண்டபம் எது? சரி, பொண்ணு வீட்டுக்காரங்களை நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அடிச்சுக் குடுத்த பிரஸ்ஸு பேரு அடியில இருக்கும், கொஞ்சம் திருப்புங்க. தேங்காய் இருக்கா? அப்ப எறங்கறப்போ பாத்துக்கறேன். பஸ்ஸு எங்க நகரப் போவுது? முன்னாடி பாருங்க, கன்டெய்னர் லாரி. ஹார்பருக்குள்ள போறவரைக்கும் நம்மளும் இங்கதான்.

நான் ஓவியர் ஏகாம்பரம். ‘ஏகா’ன்னு கையெழுத்துப் போடுவேன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்ல சார். கேள்விப்படாதவங்கதான் என்னைத் தாம்பூலப் பையில தூக்கிட்டு அலையறீங்க.

படம் இப்படித்தான். பெரிய கேன்வாஸ், இந்த பஸ்ஸு நீளத்துல பாதி இருக்கும். முழுக்க ஒரு அழுக்குச் சுவரு. அதுல நீலப் பெயின்ட்டுல அந்த ரெண்டு வரி. வேற ஒண்ணும் கிடையாது. படத்துக்குப் பேரு ‘மீரல்’. டெல்லிக்குப் போச்சு, ஜெர்மனிக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் என்னை மனுஷனா மதிச்சானுங்க. ஏன்னு நெனைக்கறீங்க? ரெண்டு காரணம். ஒண்ணு, ‘வருத்தப்படுவேன்’. ஊர்ல எல்லாச் சுவத்துலயும் என்ன எழுதியிருக்கான்? மீறினால் தண்டனை, மீறினால் அபராதம், மீறினால் போலீஸ். மீறினா வருத்தப்படுவேன்னு எழுத எவனுக்குத் தோணும்? ஒரு கலைஞனுக்குத்தான் தோணும். ரெண்டாவது, அந்த ர. மீறினால்னா பெரிய ற வரணும், வல்லின ற. நான் சின்ன ர போட்டேன். ஒரு பெரிய விமர்சகர் எழுதினாரு, மீறல்ங்கற வார்த்தையே இலக்கணத்தை மீறி நிக்குது, இது மீறலோட உச்சம்னு. எனக்கே அப்பத்தான் புரிஞ்சுது. அதாவது, புரிஞ்சுதான் போட்டேன், அவர் சொன்னதும் இன்னும் நல்லாப் புரிஞ்சுது. பெரிசா சின்னதான்னு மாசக்கணக்கா தூங்காம யோசிச்சிருக்கேன் சார்.

அந்த ரவைத்தான் ஒருத்தி திருடினா.

பேரு கிளாடிஸ். நுங்கம்பாக்கத்துல ஒரு கேலரியில எளசுங்க சேர்ந்து ஒரு கண்காட்சி வெச்சாங்க. குத்துவிளக்கு ஏத்தறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. ஏத்தினேன். ஜூஸ் குடுத்தாங்க. குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வரேன், கடைசிச் சுவத்துல தொங்குது. பாய்மரத் துணி மாதிரி ஒரு பெரிய துணி. அதுல கரிக்கோடு. ‘இங்கே குப்பை கொட்டாதே. மீரினால் வருத்தப்படுவேன்.’ அதே சின்ன ர. கடைசி ‘ன்’ல பெயின்ட்டு வழிஞ்சு எறங்குமே, அந்த வழிசல் உள்பட. ஜூஸ் டம்ளர் கையில இருந்து போயிருச்சு சார். நான் போட்டேனா அதுவா விழுந்துதான்னு தெரியாது. அந்தப் பொண்ணு மேல தெறிச்சுது. தெறிக்கட்டும்.

‘யாரைக் கேட்டு வரைஞ்ச?’ன்னு கத்தினேன். அவ்வளவு பேர் நடுவுல. அவ துப்பட்டாவைத் தொடச்சுக்கிட்டே சொல்றா, ‘நான் வரையல சார். தேச்சு எடுத்தேன்’னு.

தேச்சு எடுக்கறதுன்னா, ஸ்கூல்ல காசு மேல பேப்பரை வெச்சுப் பென்சிலால தேய்ப்போமே, அந்த மாதிரி. சுவத்து மேல துணியை விரிச்சுக் கட்டி, அடுப்புக்கரியால தேச்சிருக்கா. பழைய ஆயில் பெயின்ட்டு கெட்டியா மேடு தட்டியிருக்கும், அது அப்படியே துணியில ஏறும். இதுக்குப் பேரு கலையா? நான் தூரிகை புடிச்சு வரைஞ்சவன். இவ துணி தோய்க்கற மாதிரி தேச்சவ. படத்துக்குப் பேரு என்ன தெரியுமா? ‘நைனா கையெழுத்து’. அவங்க அப்பன் எழுதினதாம். காசிமேட்டுல அவங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கற சுவராம். ஐஸ் ஃபேக்டரியில வாட்ச்மேனா இருந்த ஆளாம், பேரு சூசை. வீட்டு வாசல்லயே எல்லாரும் மீன் கழிவைக் கொட்டறாங்கன்னு, படகுக்கு அடிச்சு மிச்சமான பெயின்ட்டுல எழுதினாராம். போன வருஷம் செத்துட்டாராம். கதை எப்படி? எல்லாத்துக்கும் ஒரு செத்துப்போன அப்பன் வந்துடுவான் சார். செத்தவன் வந்து சாட்சி சொல்ல முடியாதுல்ல, அந்த தைரியம்.

அவ என் படத்தைப் பாத்ததே இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. ஓவியக் கல்லூரியில என்னைப் பேசக் கூப்பிட்டப்போ, ‘மீரல்’ படத்தைத் திரையில போட்டுக் காட்டினேன். பின்பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு எழுந்து நிக்குது. ‘சார், இது எங்க தெரு சார். எங்க நைனா எழுதனது சார்’ங்குது. கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாக்கற ஒவ்வொருத்தரும் இது என் தெருன்னு நெனைக்கணும், அதாம்மா கலை. உக்காரு’ன்னேன். கை தட்டினாங்க. அவ மட்டும் உக்காரல. ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தா. அந்தப் பொண்ணுதான் இவ. என் படத்தைப் பாத்தாளா இல்லையா? பாத்தா. வக்கீலே சொன்னாரு, இது ஒண்ணு போதும்னு.

நான் விடுவேனா? மறுநாளே நோட்டீஸ் அனுப்பினேன். துணியை எறக்கி ரூம்ல வெச்சுப் பூட்டுன்னு கேலரிக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு. இவளுக்கு வெளிநாட்டுல ஒரு வருஷம் தங்கி வேலை பாக்கறதுக்குக் கூப்பிட்டிருந்தாங்களாம். வழக்குன்னு காதுல விழுந்ததும் அவங்க நிறுத்தி வெச்சுட்டாங்க. நிறுத்துவான். வெள்ளைக்காரன் இதுல கரெக்டா இருப்பான் சார், நம்மாளுங்க மாதிரி இல்ல. ஃபேஸ்புக்குலயும் போட்டேன். ‘காப்புரிமை மீரலை அனுமதியோம்’னு பெரிசா. அதுக்குக் கீழ ஒருத்தன் எழுதறான், ‘ஐயா, அது மீறல், பெரிய ற’ன்னு. இன்னொருத்தன் சிரிச்ச மூஞ்சி போடறான். என் ஸ்டைலைப் பத்தி என்கிட்டயே பாடம் எடுக்கறானுங்க. கூட இருக்கறவனுங்களும் லைக் போட்டிருக்கானுங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

கேலரி நடத்தற வசுதா மேடத்துக்குக் கோர்ட்டு, கேஸுன்னா பயம். மூணு பேரை வெச்சுப் பேசித் தீர்க்கலாம்னாங்க. எல்லாம் நம்ம துறை ஆளுங்கதான். அங்க வந்து இவ ஒரு போட்டோவை எடுத்து வெக்கறா. இவளுக்குப் புது நன்மை குடுத்தப்போ எடுத்ததாம். அவங்க கோயில்ல சின்னப் பசங்களுக்கு மொதமொத நற்கருணை குடுப்பாங்களே, அந்த விசேஷம். வெள்ளை கவுனு, தலையில முக்காடு, கையில மெழுகுவத்தி, முன்பல்லு ரெண்டும் கிடையாது. வீட்டுக்குள்ள நிக்க எடமில்லைன்னு எதிர்ச் சுவரு முன்னாடி நிக்க வெச்சு எடுத்திருக்காங்க. தலைக்கு மேல எழுத்து தெரியுது. பக்கத்துல ஒரு ஆளு, வேட்டி, வாயெல்லாம் பல்லு. ‘இது என் படம் வரையறதுக்கு முன்னாடியா பின்னாடியா?’ன்னு மூணு பேரும் என்னைப் பாக்கறானுங்க. நான் கேட்டேன், இந்தக் காலத்துல போட்டோவை மாத்தறது ஒரு வேலையா? சின்னப் பொண்ணை எங்க வேணா நிக்க வெக்கலாம். சுவரு எழுத்தை எந்தச் சுவத்துல வேணா ஒட்டலாம். என் படம் பத்திரிகையில வந்துச்சு. அந்தத் தெருவுல எவனாவது பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல பாத்துட்டு அதே மாதிரி எழுதியிருப்பான். சுவரு என்னைக் காப்பியடிச்சுது, அவ சுவத்தைக் காப்பியடிச்சா. சொன்னேன். தைரியமாச் சொன்னேன்.

‘அப்போ சுவத்தைப் போய்ப் பாத்துடலாம். பெயின்ட்டு எவ்வளவு பழசுன்னு பாத்தாத் தெரிஞ்சுடும்’னு அந்த மூணு பேர்ல ஒருத்தர் சொல்லிட்டாரு. மறுநாள் போறதா முடிவாச்சு.

பஸ்ஸு கொஞ்சம் நகருது பாருங்க. உங்களுக்கு எங்க எறங்கணும்? காசிமேடா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

அன்னைக்கு நாங்க கார்ல போய் எறங்கறோம். சுவரு பளிச்சுன்னு இருக்கு. வெள்ளை. ஈரம் கூட காயல. ஒரு எழுத்து கிடையாது. எனக்கே கண்ணு கூசுச்சு சார், அவ்வளவு சுத்தம். ரெண்டு ஆளுங்களைப் புடிச்சு முந்தின நாளே நான்தான் சொல்லியிருந்தேன், மேல இருக்கறதைச் சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிங்கடான்னு. சுண்ணாம்பும் என் செலவுதான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? கோவணம் கட்டின மாதிரி கிழிஞ்ச போஸ்டர் தொங்கிட்டிருந்த தெரு அது. சமூக சேவைதானே. சுவரு அவ அப்பன் வீட்டுச் சொத்தா? ஐஸ் ஃபேக்டரிக்காரன் சுவரு. அவன்கிட்ட கேட்டேன், தாராளமா அடிச்சுக்கங்கன்னான்.

அந்தப் பொண்ணு வந்தா. அழுவான்னு பாத்தேன், சட்டையைப் புடிப்பான்னு பாத்தேன். அதுக்கெல்லாம் தயாராத்தான் போயிருந்தேன். ஒண்ணும் பண்ணல. நேராப் போய்ச் சுவத்துல உள்ளங்கையை வெச்சா. எழுத்து இருந்த எடத்துலதான் வெச்சா. எடுத்தா, கையெல்லாம் வெள்ளை. அந்தக் கையை என்கிட்ட காட்டினா. அவ்வளவுதான். தெருவே வெளிய வந்து நிக்குது. வலை பின்னிட்டிருந்த ஆளு ஒருத்தர் ஊசியைக் கீழ வெச்சுட்டு என்னையே பாக்கறாரு. திமிரைப் பாருங்க. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மூணு பேரும் தலையைச் சொறிஞ்சுட்டு, ‘எங்களால முடிவு சொல்ல முடியல, நீங்களே பேசித் தீத்துக்குங்க’ன்னுட்டானுங்க. அதுல ஒருத்தரு அன்னையிலேர்ந்து என் போனை எடுக்கறதில்ல. பொறாமை.

இப்ப விஷயம் என்னன்னா, சுவரு போச்சா? அவங்க அப்பன் எழுதினதுன்னு இருக்கறது அந்தத் துணி ஒண்ணுதான். அது கேலரி ரூம்ல பூட்டிக் கெடக்கு. என் வக்கீல் சட்டத்தைப் பாத்துச் சொல்றாரு, திருட்டு நகல் எல்லாம் ஒரிஜினல்காரனுக்கே சொந்தமாம். அப்ப அந்தத் துணி எனக்குச் சொந்தம். நியாயமாப் பாத்தா உங்க பையும் எனக்குச் சொந்தம். ஏன் சார் பையை இப்படி இறுக்கிப் புடிக்கறீங்க? நான் என்ன புடுங்கவா போறேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு தினம் கேலரிக்கு வந்து நிக்குதாம். ‘துணியைக் குடுக்க வேணாம் மேடம், ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்’னு கேக்குதாம். வசுதா மேடம் எனக்குப் போன் பண்ணி, ‘குடுத்துத் தொலைங்களேன் ஏகா, உங்களுக்கு என்ன போச்சு?’ங்கறாங்க. எனக்கு என்ன போச்சா? என் பேரு போச்சு! நான் கல்நெஞ்சுக்காரன் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை வெச்சேன். எழுத்துல வருத்தம் தெரிவிக்கணும். ‘இது ஓவியர் ஏகா அவர்களின் படைப்பு, காப்பியடித்ததற்கு வருந்துகிறேன்’னு ஒரு வரி. எழுதிட்டு துணியை எடுத்துட்டுப் போகட்டும், எனக்கெதுக்கு அந்தக் கரித்துணி? ஒரு வரி சார். அவங்க அப்பன் ஊருக்கே வருத்தப்பட்டாராம், இவளுக்கு ஒரு வரி வருத்தப்பட வலிக்குது.

என்ன கேட்டீங்க? அந்த ஆளை நான் பாத்திருக்கேனான்னா?

யாரை, சூசையையா? சூசைன்னு சொல்ல முடியாது. ஒரு ஆளைப் பாத்தேன். நான் படம் வரையறதுக்கு ரொம்ப முன்னாடி. அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை மீன் வாங்க அந்தப் பக்கம் வருவேன். கழுத்துல கேமரா இருக்கும், அது ஆர்ட்டிஸ்ட்டுக்குப் பழக்கம். கண்ணுல பட்டதை எடுப்பேன். அந்தத் தெருவுல எதையோ எடுத்துட்டிருந்தப்போ, எதிர்வீட்டுலேர்ந்து ஒரு ஆளு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து போட்டாரு. ‘ஏன் சார் நின்னுக்கினே எடுக்கற, உக்காந்து எடு’ன்னாரு. ஒரு பையனை விட்டு எனக்கு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. ‘எழுத்து நல்லா இருக்குதா சார்?’னு கேட்டாரு. நான் பொய் சொல்ல மாட்டேன். ‘தப்பா இருக்குய்யா, மீறினாலுக்குப் பெரிய ற போடணும்’னேன். சிரிச்சாரு. ‘எனுக்குத் தெரிஞ்சது ஒரு ர தான் சார். பொண்ணு படிக்குது, அது பெரிசாயி திருத்தட்டும்’னாரு.

பாத்தீங்களா? அவருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே நான். அந்த நன்றியாவது வேணாமா?

மொதல்ல, சுவரு என்னைக் காப்பியடிச்சுதுன்னு சொன்னேனா? அது வாதம் சார். வாதம் வேற, நடந்தது வேற. கோர்ட்டு விவகாரம் உங்களுக்குப் புரியாது. சுவத்துல இருந்தா அது எழுத்து. நான் பாத்து, எடுத்து, கேன்வாஸ்ல வெச்சு, கீழ ‘ஏகா’ன்னு போட்டாத்தான் அது படம். அந்த ஆளுக்கு அது தப்புன்னே தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சு போட்டவனுக்குத்தானே சொந்தம்? நீங்க பேசாம வர்றதைப் பாத்தா ஒத்துக்கறீங்கன்னு தெரியுது.

இந்தாங்க, இதைப் பாருங்க. காலையில யாரோ எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினது. அதே சுவரு. நான் காசு குடுத்து வெள்ளையடிச்ச சுவரு. அதுல நீலத்துல, புதுசா. படிக்க முடியுதா? கண்ணாடி போட்டுக்கங்க. ‘இங்கே படம் எடுக்காதே. மீறினால் வருத்தப்பட மாட்டேன்.’ கீழ, ‘இப்படிக்கு சூசை மகள்’.

நான் எழுத்துல வருத்தம் தெரிவின்னு கேட்டேன். எழுத்துலதான் குடுத்திருக்கா, எப்படிக் குடுத்திருக்கா பாருங்க. காலையில பாத்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. வக்கீலுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். எடுத்துட்டு இன்னொரு வாட்டி படிச்சேன். ‘வருத்தப்பட மாட்டேன்.’ கோவம் ஒரு பக்கம் இருக்கட்டும் சார், லைன் எப்படி? என்னா லைன்! கேன்வாஸ்ல இதை இவ்வளவு பெரிசா நெனைச்சுப் பாருங்க. வெள்ளைச் சுவரு, நீல எழுத்து, ஓரத்துல ஒரு உள்ளங்கை அச்சு இன்னும் இருக்கு, தெரியுதா? ‘மீரல்’ ரெண்டாம் பாகம். இந்த போட்டோ கலங்கலா இருக்கு. அதான் கேமராவை எடுத்துக்கிட்டு நானே கெளம்பிட்டேன். பையில இருக்கு.

பயமா? எனக்கென்ன சார் பயம். அது பொதுவா எழுதினது, எனக்குன்னா எழுதியிருக்கு? வருத்தப்பட மாட்டேன்னா என்ன அர்த்தம், கோவம் போயிடுச்சுன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு. நீங்களும் அங்கதானே எறங்கறீங்க, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. தெரு முனையில ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. யாராவது வந்தா ஒரு குரல் குடுங்க. அந்த வலை பின்றவரு வந்தாக் கண்டிப்பா குடுங்க. படம் வந்ததும் உங்க பேரைக் கூட நன்றின்னு போடறேன்.

ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எழுந்திருங்க. என்ன, எறங்கலையா? காசிமேடுன்னீங்களே? அடுத்த ஸ்டாப்பா? சரி விடுங்க, நான் பாத்துக்கறேன். யார்கிட்டயும் இதைப் பத்திச் சொல்லிடாதீங்க சார், எவனாவது திருடிடுவான்.

ஒரே ஒரு குறைதான். பெரிய ற போட்டுத் தொலைச்சுட்டா. நான் வரையறப்போ சின்ன ரவா மாத்திக்கறேன்.